சரக்குக்கு ரயில், ஆளுக்கு ஜீப்பு

இடுக்கி மாவட்டத்தில் ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. சூரியநெல்லிப் பக்கம் கொழுந்து கிள்ளவும் ஏலக்காய் எடுக்கவும் கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் என்றால் அது மலையடிவாரத்துப் போடிநாயக்கனூர் ரயில்தான். அவர்களுடைய வேலை நேரம் என்னவென்று அந்த ரயில் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

மலைமேல் ரயிலே ஓடியதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருளும், பெரிய சக்கரம் சாலையில் ஓடும், இழுப்பது மாடு. ரயில் என்று கூப்பிட அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல இருப்புப்பாதை போட்டு, நீராவி எஞ்சின் விட்டார்கள். எல்லாம் தேயிலைக்காக. பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, ரோப்வேயில் தொங்கிக் கொட்டகுடி போய், அங்கிருந்து வண்டியில் போடி சேரும். பிறகு தூத்துக்குடியில் கப்பலேறும். தேயிலை தொங்கியபடி இறங்கிய மலையில், அதைப் பறிக்கக் கங்காணி கூட்டிவந்த சனங்கள் நடந்தே ஏறினார்கள்.

1924 ஆடி மழையில் எல்லாம் போயிற்று. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். பாலங்களும் தண்டவாளமும் அடித்துப்போக, அந்தப் பாதையை மறுபடி யாரும் போடவில்லை. மூணாறின் பழைய ஸ்டேஷன் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது.

நான்கு வருஷம் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. அதுவும் நிலைத்து ஓடவில்லை. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். திரும்பப் போட 1950கள் ஆயிற்று. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், தேனிக்கு 2022 மே மாதம் வந்தது, போடிக்கு 2023 ஜூனில். சுமார் தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்!

வந்தும் என்ன? புதிதாக விட்ட முன்பதிவில்லா ரயில் காலையில் மதுரையிலிருந்து கிளம்பிப் போடிக்கு வரும், சாயங்காலம் திரும்பும். தேனியிலும் போடியிலும் இருந்து மதுரைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது நேர் எதிர்த்திசை. தோட்ட வேலைக்காரருக்கோ, ரயில் போடியைத் தொடும் நேரத்தில் மேலே வேலை தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும்.

அதனால் விடியுமுன் ஜீப்பு. போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்து ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுகிறது. போடிமெட்டு வழி போனால் கொண்டை ஊசி வளைவுகள், மேலே சோதனைச் சாவடி, அப்புறம் பூப்பாறை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதாக அதிகாரிகள் அவ்வப்போது பிடிப்பார்கள். ஆளைக் குறைத்தால் தலைக்கு வாடகை கூடும், அது கூலியில்தான் விழும். மாநில எல்லை வேறு நடுவில் நிற்கிறது. 2011 டிசம்பரில் இரு மாநிலங்களுக்கும் முல்லைப்பெரியாறு அணைத் தகராறு மூண்டபோது ஏலத்தோட்டத் தமிழர்கள் பயந்து மலையிறங்கி ஓடிவந்தார்கள். 2020 ஊரடங்கில் சாவடி மூடியது. காய் எடுக்க ஆளில்லாமல் தோட்டமும், வேலையில்லாமல் அடிவாரமும் தவித்தன.

சூரியநெல்லியில் இப்போது சுற்றுலா ஜீப்புக்கும் குறைவில்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருந்தாலும் வண்டிப்பாதை சூரியநெல்லி வழியாகத்தான். சூரிய உதயம் பார்க்கிறவர்களை ஏற்றிக்கொண்டு இருட்டோடு அவை கிளம்பிவிடும். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் அடிவாரத்தில் தூக்குவாளியோடு பெண்கள் வேலை ஜீப்புக்குக் காத்து நிற்கிறார்கள்.