ரத்தம் எடுத்தார்கள், முடிவு எங்கே? தூய்மைப் பணியாளர்களின் மருத்துவ உரிமையும் சட்டமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் தூய்மைப் பணி இன்றும் பெரும்பாலும் அருந்ததியர் மக்களின் தோள்களிலேயே சுமத்தப்பட்டுள்ளது. தனித்தொகுதியான ராசிபுரமும் அதற்கு விலக்கன்று. இப்பகுதித் தூய்மைப் பணியாளர்களிடம் மருத்துவப் பரிசோதனை நடந்ததா என்று கேட்டால், “முகாமில் ரத்தம் எடுத்தார்கள்” என்கிறார்கள். முடிவு என்னவென்று கேட்டால், பல நேரங்களில் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. அந்த மௌனத்தைச் சட்டத்தின் துணையோடு உடைப்பது எப்படி என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சங்கிலி அறுபடும் இடங்கள்

முகாம்களே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கின. சிக்கல் முகாமுக்குப் பின்னரே எழுகிறது.

முதலாவது, தொலைபேசி எண். பதிவுப் படிவத்தில் மேற்பார்வையாளரின் எண்ணோ, வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணோ எழுதப்பட்டால், நினைவூட்டும் குறுஞ்செய்தி உரியவரைச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் அது ஆங்கிலத்தில் இருந்தால் பயனில்லை.

இரண்டாவது, நேரம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய காலையும், புறநோயாளிகள் பிரிவு இயங்கும் முற்பகலும் பணி நேரத்திலேயே வருகின்றன. முடிவை வாங்கச் செல்வது ஒருநாள் கூலியை இழப்பதாகிறது. இறுதியில் பதிவேட்டில் ‘நோயாளி வரவில்லை’ என்று எழுதப்படுகிறது. அமைப்பின் தவறு பணியாளரின் அலட்சியமாக மாற்றப்படுவது இப்படித்தான்.

மூன்றாவது, ஒப்பந்தம். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை கொண்டது: முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஊசி முனைகளும் உடைந்த கண்ணாடியும் கலந்த குப்பையைக் கையாள்வோருக்கு இது இன்றியமையாதது. இடையில் ஒப்பந்ததாரர் மாறினால், மூன்றாம் ஊசியை நினைவூட்ட யாரும் இருப்பதில்லை. சளிப் பரிசோதனை முடிவு கைக்கு வராத காசநோயாளியின் நிலை இதைவிடக் கொடிது. அவருடைய நோய் முற்றுகிறது, குடும்பத்துக்கும் பரவுகிறது.

நான்காவது, அச்சம். முடிவு ஒப்பந்ததாரர் கைக்குப் போனால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர் பரிசோதனையையே தவிர்க்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உடல்நலம் என்பது கருணையால் கிடைக்கும் சலுகை அன்று. 1995 ஜனவரியில், கல்நார்த் தொழிலாளர்கள் குறித்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மைய வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொழிலில் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணை கல்நார்த் தொழிலுக்கு உரியது. ஆனால் அதன் அடிப்படை எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும் என்று நாம் வாதிட முடியும்.

மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்றே அவ்விதி வரையறுக்கிறது. ஆகவே புறநோயாளியாகச் செல்பவர் நகலை உடனே கேட்டுப் பெறுவது நல்லது.

அரசு மருத்துவமனையோ நகராட்சியோ முடிவைத் தராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரூ.10 கட்டணத்துடன் மனு அளித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் தொடர்பான தகவல் எனில் 48 மணி நேரம்தான். தன் பரிசோதனை முடிவைத் தானே கேட்பவரிடம், ‘தனிநபர் தகவல்’ என்று காரணம் கூறி மறுப்பது பொருந்தாது.

அதே வேளையில், முடிவு வேறொருவர் கைக்குப் போவதும் உரிமை மீறலே. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே தடுக்கிறது.

மருத்துவமனைக்குள் நுழைவதையே சாதியின் பெயரால் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் கீழ்க் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை வெளிப்படையாகச் சேர்த்தது.

களத்தில் செய்ய வேண்டியவை

1. முகாமில் பதிவு எண், தேதி, செய்த பரிசோதனைகளின் பெயர்கள் கொண்ட சீட்டு இல்லாமல் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று பணியாளர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கலாம்.

2. படிவத்தில் பணியாளரின் சொந்த எண் இருக்கட்டும். எண் இல்லாதவர்களுக்கு அவர்கள் நம்பும் ஒருவரின் எண்ணை, அவர்கள் ஒப்புதலோடு எழுதுங்கள். மேற்பார்வையாளரின் எண் வேண்டாம்.

3. தெருவுக்கு ஒரு நாட்காட்டி வைத்து, தடுப்பூசித் தவணை, சர்க்கரை, ரத்த அழுத்த மறுபரிசோதனைத் தேதிகளைக் குறியுங்கள். நோயின் பெயரை அதில் எழுத வேண்டாம். பெயரும் தேதியும் போதும்.

4. பரிசோதனைக்கும் முடிவு வாங்கவும் ஊதியத்துடன் கூடிய நேரம் கேட்டு, நகராட்சி ஆணையருக்குக் கூட்டு மனு அளியுங்கள். பணியைப் பெறுவது நகராட்சிதான். ‘ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்’ என்று அது கைகழுவ முடியாது. மனுவின் நகலில் ஒப்புகை முத்திரை பெறுங்கள்.

5. ஒப்பந்தம் மாறும்போது, பழைய ஒப்பந்ததாரரிடமுள்ள உடல்நலச் சீட்டுகளைப் பணியாளர்களிடமே ஒப்படைக்குமாறு எழுத்தில் கோருங்கள்.

கல்லூரி மாணவர்கள் இதில் பெரிதும் உதவ முடியும். ஆங்கிலத்தில் வரும் ஆய்வக அறிக்கையில் எந்த அளவு இயல்பை மீறியுள்ளது என்று சுட்டிக்காட்டி, மருத்துவரிடம் உடன் செல்வதே பெரும் பணி. விளக்கமும் மருந்தும் மருத்துவரிடமிருந்து வரட்டும். அவரிடம் கேள்வி கேட்கும் துணிவு நம்மிடமிருந்து போகட்டும்.

ஊரின் நோயைத் தடுக்க உழைப்பவருக்குத் தன் உடலின் நிலை தெரியவில்லை என்றால், அது தற்செயல் அன்று. சாதி வகுத்த வேலைப் பிரிவினையின் தொடர்ச்சி. முகாம்களின் எண்ணிக்கையை அரசு வெளியிடுகிறது. எத்தனை பேர் கையில் முடிவு சேர்ந்தது என்ற எண்ணிக்கையை நாம் கேட்போம்.