துருத்தி தைத்த கைகள்

செஞ்சிக்கோட்டை என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சொல்வார்கள். நாலாவதாக ஒரு சின்னக் குன்றும் இருக்கு. பழைய வரலாற்று நூல்கள் அதைச் சக்கிலிதுர்க்கம் என்கின்றன. சாமர் டிக்ரி என்றும் அதற்குப் பெயர். எந்த மொழியில் சொன்னாலும் தோல் தொழிலாளியின் சாதிப் பெயர்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தேசிங்கைப் பேசினார்கள், சிவாஜியைப் பேசினார்கள். நான் கேட்ட பேச்சு எதிலும் அந்தக் குன்று இல்லை.

அதே ஆண்டு ஜனவரியில்தான், தமிழர் இரும்பு ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்று சிவகளை அகழாய்வை வைத்துத் தமிழக அரசு அறிவித்தது. பெருமைதான். ஆனா இரும்பு தானா உருகுமா? உருக்கியவர் யார், உலைக்குக் காற்று கொடுத்தவர் யார் என்று கேட்காத பெருமை, ஊர்த் தெருவோடு நின்றுவிடும், சேரிக்கு வராது.

செஞ்சி அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கு இந்தக் கேள்வியில் நேரடிப் பங்கு உண்டு. இங்குள்ள பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். நம் நாட்டார் உருக்கு செய்யும் முறையைக் கவனித்து எழுதியும் வைத்தார். உமி கலந்து பிசைந்த களிமண்ணில் மூசை. அதற்குள் இரும்புத் துண்டும் காய்ந்த ஆவாரங்குச்சியும். மேலே எருக்கிலை போன்ற பச்சிலை. வாயை மண்ணால் பூசி, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம்போல விடாமல் ஊத வேண்டும். குச்சியின் கரி இரும்பில் ஏறும். நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவில் கரி ஏறிய அந்த இரும்புதான் உருக்கு. கன்னடத்து ‘உக்கு’தான் ஐரோப்பியர் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது என்பார்கள்.

அந்த வூட்ஸைப் பற்றி 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1819இல் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுத்துப் பார்த்தார். அதன் தரத்துக்கு அலுமினியமே காரணம் என்று அவர் கருதினார். கரிதான் முக்கியக் காரணம் என்பது பிறகு தெளிவானது. ஆனாலும் அந்த ஆராய்ச்சியே அவரைக் கலப்பு எஃகுச் சோதனைகளுக்குக் கொண்டுபோனது. நம் காலத்தில் ஷாரதா சீனிவாசன் இதே தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் உருக்கு மூசைகளின் எச்சங்களைக் கண்டெடுத்து, 1990களில் ஆய்வாக வெளியிட்டார். இவர்களைக் கொண்டாட வேண்டியதுதான்.

ஃபாரடே யார்? கொல்லர் மகன். புத்தகம் கட்டும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அங்கேயும் வர்க்க ஏளனம் இருந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகத்தான் நடத்தினார். இருந்தும் ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தது. இங்கே உருக்கு செய்தவன் கை ஆய்வுக்கூடமாகவே இருந்தது. அவன் பிள்ளைக்கு எழுத்து மறுக்கப்பட்டது.

இப்போது துருத்திக்கு வருவோம். ஹீத் பார்த்த துருத்தி ஆட்டுத்தோல். வயிற்றைக் கிழிக்காமல் முழுசா உரிச்சு, கால் ஓட்டைகளைக் கட்டி, கழுத்தில் மூங்கில் குழல் செருகியது. காற்று கசிந்தால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் உருக்கு இல்லை. தோலுரித்துப் பதமாக்கும் வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டது என்று யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் பதனிட நம் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியதும் ஆவாரம்பட்டையே. ஒரே செடி. அதன் குச்சி மூசைக்குள் போனால் உலோகவியல், அதன் பட்டை தோல் தொட்டிக்குள் போனால் தீட்டு! வாளைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டவன், துருத்திக்குத் தோல் கொடுத்தவனை வாசலிலேயே நிறுத்தினான்.

விஞ்ஞானிகள் பட்டியலைச் சுருக்கச் சொல்லவில்லை, நீட்டச் சொல்கிறேன். மாணவத் தோழர்கள் காட்டில் மேட்டில் இரும்புக் கிட்டம் கிடப்பதைப் பார்த்தால், ஏர் ஓட்டி அழிப்பதற்கு முன் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். தோல் பதம் தெரிந்த பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்தப் பட்டை, எத்தனை நாள், எந்தத் தையல் என்று கேட்டு, அவங்க சொல்ற வார்த்தையிலேயே எழுதுங்கள். இதுவும் ஆராய்ச்சிதான்.