செம்பு, களிம்பு, அயனி

தாமிரவருணிக் கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குச் செம்புக் குடத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து நாள் விளக்காமல் வைத்த குடத்தின் கழுத்தோரத்தில் பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பையும், படித்துறையில் குந்தியமர்ந்து ஊறிய புளியையும் ஆற்று மணலையும் சேர்த்து என் பாட்டி அதைத் தேய்க்கையில், அந்தப் பச்சை கரைந்து அவள் விரலிடுக்கு வழியே வழிந்தோட, அடியிலிருந்து புதுச் செம்பு சிவந்து வெளிப்பட்டதையும் சிறு வயதில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். சிவந்த உலோகத்தில் பச்சை எப்படி வந்தது, புளி பட்டதும் அது எங்கே சென்றது என்று கேட்டால், “களிம்பு போயிட்டுல, அவ்வளவுதான்” என்பதே அவள் மறுமொழி. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாகக் கொண்ட அந்தக் களிம்பைப் பற்றி அவள் சொன்ன சொல் எத்துணை நுட்பமானது என்பது, ரசாயன சாஸ்திரத்தைக் கற்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

செம்பின் அணு ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள கருவில் 29 நேர்மின்துகள்களும், அவற்றுக்கு ஈடாகச் சுற்றிலும் 29 எலக்ட்ரான்களும் இருப்பதால், வரவும் செலவும் நேராகி அணு மின்னேற்றம் அற்று நிற்கிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும் கரியமிலவாயுவும் ஈரமும் கூடித் தாக்கும்போது அவ்வணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்துவிட, கருவின் 29க்கு எதிரே 27 மட்டுமே எஞ்சி, இரண்டு அளவு நேர்மின்னேற்றம் கொண்ட அயனி என்னும் வேறொரு பொருளாகிறது. சிவப்பு மறைந்து களிம்பில் பச்சையாகவும், தாமிர உப்பாகிய மயில்துத்தத்தில் நீலமாகவும் தோன்றுவது இந்த அயனியே. ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் அருகே அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களைப் போல நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்தவற்றின்மேல் படியும் பச்சையும் இவ்வாறு பிறந்ததே.

இழப்பது ஒன்று இருந்தால் பெறுவது ஒன்று இருக்கவேண்டுமன்றோ? 1986 வரை திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்திருந்த தூத்துக்குடியின் உப்பளங்கள் இதற்குச் சாட்சி. தண்ணீரில் இட்டால் சீறிப் பற்றக்கூடிய சோடியம், தன் 11 எலக்ட்ரான்களில் ஒன்றை விடுகிறது. 1915இல் ஐரோப்பியப் போர்க்களத்தில் விஷவாயுவாக ஏவப்பட்ட குளோரின், தன் 17உடன் அந்த ஒன்றையும் சேர்த்து 18 ஆக்கிக்கொள்கிறது. கொடியவை இரண்டும் இந்தக் கொடுக்கல் வாங்கலால் சாந்தமுற்று, நாம் சோற்றில் இடும் உப்பாகின்றன. கடல்நீரில் இவ்வயனிகள் முன்னரே தனித்தனியாக உலவுகின்றன. பாத்தியில் வெயில் நீரைக் கவர்ந்துகொள்ள, சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிய, அதன்பின் உப்பு விளைய, மக்னீசிய அயனிகள் மிகுந்த கசப்பு நீர் மிஞ்சுகிறது.

தன்மை மாறியதற்குப் பெயரும் மாறவேண்டும் என்பது நியாயம். கரைசலில் மின்சாரம் பாயும்போது இரு முனைகளை நோக்கியும் செல்லும் துகள்களுக்குப் பெயர் தேடிய மைக்கேல் ஃபாரடே, கேம்பிரிட்ஜ் பண்டிதர் வில்லியம் ஹ்யூவெலின் துணையை நாடி, 1834இல் கிரேக்க மொழியிலிருந்து ‘அயான்’ என்ற சொல்லை எடுத்தார். ‘செல்வது’ என்பது அதன் பொருள். சூரியன் எழும் திசையையும் விழும் திசையையும் மனத்திற்கொண்டே மின்முனைகள் இரண்டுக்கும் அவர் பெயர் சூட்டினார். நாமோ சூரியனின் வடதிசைச் செலவை உத்தராயணம் என்றும் தென்திசைச் செலவைத் தட்சிணாயனம் என்றும் வழங்குகிறோம்; அந்த ‘அயனம்’ என்னும் வடசொல்லும் கிரேக்கச் சொல்லும் ‘செல்’ என்னும் பொருளுடைய ஒரே தொல்வேரின் கிளைகள். ஆதலால் இன்று நம் பாடப்புத்தகங்களில் வழங்கும் ‘அயனி’, ஓசையை ஒட்டி வந்த கடன்சொல்லாகத் தோன்றினும், பொருளால் நமக்கு அந்நியமன்று.

இத்தகைய சொற்களைத் தமிழில் அமைத்துத் தந்தோரின் சரித்திரம் நன்றியோடு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் ரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் கண்டனர். திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு 1934இல் எழுந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோரின் உழைப்பால், 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகளின் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டி, ஏறத்தாழ 10,000 சொற்கள் அடங்கிய ‘கலைச்சொற்கள்’ நூலை 1938இல் வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் பலர் எதிர்த்து நின்றதும், அயனியின் இரு வகைகளை நாம் நேரயனி, எதிரயனி என்க, இலங்கையில் கற்றயன், அன்னயன் என்று வழங்குவதும் அவ்வுழைப்பின் தொடர்ச்சியே.

சொல்லை எந்த மொழியிலிருந்து எடுப்பது என்பதில் பெரியோர் மாறுபடலாம். பெயரிடும் முறையின் அறிவை எவரும் மறுக்க மாட்டார். எலக்ட்ரானைக் கொடுத்த உலோகத்தின் பெயர் மாறுவதில்லை. அது சோடியம் அயனி என்றே நிற்கிறது. பெற்றுக்கொண்ட குளோரினின் பெயரோ ஈறு திரிந்து ‘குளோரைடு’ ஆகிறது. பிராணவாயுவோடு கூடிய கந்தகம் சல்பேட் என்றும், அவ்வாயு குறைந்தவிடத்துச் சல்பைட் என்றும் பெயர் பெறுகிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த செம்பையும் இரண்டை இழந்த செம்பையும் முன்னாளில் குப்ரஸ், குப்ரிக் என்று பிரித்தனர். ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919இல் காட்டிய வழியில் இப்போது தாமிரம் (I), தாமிரம் (II) என எழுதுகிறோம். இழந்தது எவ்வளவு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

பள்ளிக்கூட ஆய்வுச்சாலையில் மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்புக் கத்தியை நான் முதன்முதலாகத் தோய்த்தபோது, நீலம் சிறிது சிறிதாக வெளிற, கத்தியின்மேல் செம்பு சிவப்பாகப் படிந்தது. இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கரைந்துபோக, அவற்றைப் பெற்ற தாமிர அயனி மீண்டும் செம்பாகித் திரும்பியது. அன்று படித்துறையும் புளிபட்ட விரல்களும் என் கண்முன் வந்து நின்றன. களிம்பு அழிந்துவிட்டது என்று பாட்டி சொல்லவில்லை, போயிட்டு என்றாள். ஆற்று நீரோடு சென்ற அந்தத் துகளுக்கு, ‘செல்வது’ என்று ஃபாரடே இட்ட பெயரையே, அவரை அறியாத அவளும் இட்டிருந்தாள்.