ஆயிரம் கண் கொண்ட விடுதி

ஃபிரிட்ஸ் லாங் தனது கடைசிப் படத்தை இயக்கியபோது அவருக்கு வயது 69. 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி, நீண்ட ஹாலிவுட் வாழ்க்கைக்குப் பின் திரும்பியிருந்தார். உதய்ப்பூரில் படமாக்கிய இரு இந்தியக் கதைகள் 1959இல் வெளியாகியிருந்தன. அவற்றின் தயாரிப்பாளர் ஆர்த்தூர் பிரவுனர், நாஜிகளால் உறவினர் பலரை இழந்து உயிர்தப்பிய போலந்து யூதர். அவர் மீண்டும் ஒரு மபூசே படம் கேட்டார். லாங் முதலில் தயங்கினார். அவரைப் பொறுத்தவரை மபூசேயின் கதை முடிந்துவிட்ட ஒன்று.

நோர்பெர்ட் ஜாக்கின் நாவலில் பிறந்த டாக்டர் மபூசே, 1922இல் லாங்கின் மௌனப்படத்தில் சூதாடியாகவும் மனவசியக்காரனாகவும் தோன்றினான். 1933இல் எடுத்த இரண்டாம் படத்தில் அவன் மனநோய் விடுதியில் அமர்ந்து குற்றத்தின் பேரரசுக்குத் திட்டம் எழுதுகிறான். திரைக்குப் பின்னிருந்து ஆணையிடும் குரலுக்கு உரியவனைத் தேடிப்போனால் அங்கே இருப்பது மர உருவமும் ஒலிபெருக்கியும்தான். கோயபல்ஸ் அப்படத்தைத் தடை செய்தார். முதல் திரையிடல் புதாபெஸ்டில் நிகழ்ந்தது. கோயபல்ஸ் தன்னை அழைத்துப் பதவி தர முன்வந்ததாகவும் அன்றிரவே ரயிலேறித் தப்பியதாகவும் லாங் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். நல்ல கதைதான். ஆனால் அதன்பின்னும் சில மாதங்கள் அவர் பெர்லினுக்கு வந்துபோனதை அவரது கடவுச்சீட்டின் முத்திரைகள் காட்டுகின்றன. தப்பித்தலையும் அவர் காட்சியாகவே அமைத்துக்கொண்டார் போலும்.

'டாக்டர் மபூசேயின் ஆயிரம் கண்கள்' 1960 செப்டம்பரில் வெளியானது. இதில் மபூசே இறந்து வெகுகாலமாகிறது. எவனோ ஒருவன் அவனது முறைகளைத் தொடர்கிறான். யான் ஃபெத்கே எஸ்பெராண்டோ மொழியில் எழுதிய நாவலொன்றைத் தழுவியது என்றாலும், படத்தின் உயிர் லக்ஸர் என்னும் ஹோட்டலில்தான் இருக்கிறது. அயல்நாட்டுத் தூதர்களை வேவு பார்ப்பதற்கென நாஜிகள் போர்க்காலத்தில் கட்டிய விடுதி அது. போர் முடிந்தது, கட்டியவர்கள் அழிந்தார்கள். ஆனால் சுவர்களுக்குள் பதித்த கருவிகள் அப்படியே இருக்கின்றன. நிலவறையில் தொலைக்காட்சித் திரைகள் வரிசையாக ஒளிர, மேலே விருந்தினர்கள் நடனமாடுகிறார்கள்.

இதை வெறும் துப்பறியும் கதையின் சாமர்த்தியமாக நான் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அர்ஜென்டினாவில் ஐக்மான் பிடிபட்டார். நியூரம்பெர்க் இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய ஹான்ஸ் குளோப்கே, பிரதமர் அடெனாவரின் அலுவலகத் தலைமைச் செயலராக இருந்தார். கிழக்குப் போர்முனையில் ஹிட்லரின் ராணுவ உளவுப் பிரிவை நடத்திய கேலென், மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறைத் தலைவர். கட்டடம் பழையது, வர்ணம் மட்டும் புதிது. லாங் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஒரு ஹோட்டலைக் காட்டினார், அவ்வளவே.

படத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வில்லனல்ல. டிராவர்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரன், பக்கத்து அறைப் பெண்ணை ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியே பார்க்கிறான். அவள்மீது காதலும் கொள்கிறான். ரகசியமாகப் பார்ப்பவன் தான் என்று நம்புகிறான். அந்தக் கண்ணாடியே அவனுக்கு விரிக்கப்பட்ட வலை. அவனது அணு உலைகள்தான் குறி. பார்க்கும் ஆசையைக் கொண்டே ஒருவனைப் பிடித்துவிடலாம் என்று 1960லேயே லாங் கண்டுகொண்டிருக்கிறார். (குற்றவாளி யார் என்பதைச் சொல்லிவிடப் போவதில்லை.)

கமிஷனராக நடித்த கெர்ட் ஃப்ரோபேயைப் பலர் 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' வில்லனாகவே அறிவார்கள். பிரவுனர் அதே ஆண்டுக்குள் மேலும் ஐந்து மபூசே படங்களைத் தயாரித்துவிட்டார், வேறு இயக்குநர்களை வைத்து. லாங் மறுபடி படம் எடுக்கவில்லை. 1976இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறக்கும்போது அவர் கண்பார்வையை ஏறக்குறைய இழந்திருந்தார்.