உரிமமும் காப்பும்: விண்டோஸ் இற்றைப்படுத்தலில் உரிமச் சரிபார்ப்பின் வரலாறு

விற்கப்பட்ட பொருளின்மேல் விற்றவருக்குப் பின்னர் உரிமையில்லை என்பது வணிகத்தின் பழைய வழக்கு. நூலொன்றை விற்றவர் வாங்கியவரின் வீட்டுக்குச் சென்று, அந்நூல் முறைப்படி பெறப்பட்டதா எனச் சோதிப்பதில்லை. கணினி மென்பொருளோ இவ்வழக்குக்குப் புறம்பானது. இங்கு விற்றவர் வாங்கியவரின் வாசலில் எந்நாளும் நிற்கிறார். அவர் அங்கு நிற்பதற்கு இரு காரணங்கள் உள. தாம் ஆக்கிய மென்பொருளிற் பின்னர் வெளிப்படும் குறைகளைத் திருத்துவது ஒன்று. அதனைப் பயன்படுத்துபவர் உரிமம் பெற்றவர்தாமா என்று பார்ப்பது மற்றொன்று. முன்னையது பயனாளரின் நலன் கருதியது. பின்னையது விற்பவரின் நலன் கருதியது. இவ்விரண்டும் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே வழியால் வரத் தொடங்கின. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் விண்டோஸ் பணிசெயல் முறைமையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்விணைப்பு விளைத்த பயனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மென்பொருள் தனி வணிகப் பொருளாகியமை அண்மைக்காலச் செய்தியே. 1960களில் ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் கணினியோடு சேர்த்தே நிரல்களையும் வழங்கிவந்தன. இயந்திரத்துக்கே விலை, நிரல் அதன் துணைப்பொருள். 1969 யூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனிவிலை குறிக்கப்போவதாக அறிவித்ததோடு இந்நிலை மாறத்தொடங்கியது. 1976 பெப்ரவரியில், அப்பொழுது இருபது வயதினரான பில் கேற்ஸ், பொழுதுபோக்காகக் கணினி பயின்றோருக்குப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதினார். அல்ரெயர் கணினி வைத்திருந்தோரிற் பத்து வீதத்துக்கும் குறைவானோரே தமது பேசிக் மொழிக்குப் பணம் செலுத்தினர் என்றும், ஏனையோர் பிரதி செய்து கொண்டது திருட்டே என்றும் அதில் அவர் முறையிட்டார். 1980இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கணினி நிரல்களுக்குரிய பாதுகாப்புத் தெளிவாக்கப்பட்டது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைக் காப்புப்பெறும் ஆக்கங்களுள் அடக்கியது.

சட்டம் உரிமையை வகுத்ததேயன்றி அதனைக் காக்கும் கருவியை அளிக்கவில்லை. 1980களில் விற்பனையாளர் பலர் பிரதி செய்யவியலாத தட்டுக்களையும், கணினியிற் செருகவேண்டிய சிறு பூட்டுக்களையும் கையாண்டனர். பூட்டை உடைக்க வல்லவர் உடைத்தனர். பணம் கொடுத்து வாங்கியவரே தட்டுப் பழுதுற்றபோது இடர்ப்பட்டார். நேர்மையாளரே முதலில் இடர்ப்படும் இக்குறை பின்னர் வந்த முறைகளையும் தொடர்ந்தது. எனினும் அக்காலத்துச் சோதனை கணினிக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. விற்றவரோடு தொடர்பு கொள்ள அதற்கு வழியில்லை.

இணையம் அவ்வழியைத் திறந்தது. 1998இல் வெளிவந்த விண்டோஸ் 98, இணையத்தின் வாயிலாக இற்றைப்படுத்தலைப் பெறும் வசதியைக் கொண்டிருந்தது. தொடக்கத்தில் அது வசதியாகவே கருதப்பட்டது. சில ஆண்டுகளில் இன்றியமையாத தேவையாயிற்று. 2001 யூலை 19ஆம் நாள் கோட் றெட் என்னும் கணினிப் புழு, பதினான்கு மணித்தியாலத்துக்குள் 359,000 கணினிகளைப் பற்றியது. 2003 ஓகஸ்டிற் பரவிய பிளாஸ்ரர் புழு பயன்படுத்திய ஓட்டைக்கு அதற்கு முந்திய யூலை 16ஆம் நாளே திருத்தம் வெளியாகியிருந்தது. திருத்தம் இல்லாமையன்று, அது கணினிகளைச் சென்றடையாமையே அழிவுக்குக் காரணமாயிற்று. புழுவுக்கு ஆளான கணினி தன்னளவில் நின்றுவிடாது; அது பிற கணினிகளைத் தாக்கும் தளமாகின்றது. எனவே இற்றைப்படுத்தல் ஒருவரின் தனிநலன் மட்டுமன்று, அது பொதுநலனுமாகும். ஊர்க் கிணறுகளுக்குக் குளோரின் இடுபவர் காணியின் உறுதியைக் காட்டுமாறு கேட்பதில்லை. ஒரு கிணற்றின் நோய் அடுத்த வளவுக்கும் பரவும் என்பதை அவர் அறிவார்.

இதே காலத்திற்றான் உரிமச் சரிபார்ப்பும் வளர்ந்தது. 2001 ஒக்ரோபர் 25ஆம் நாள் விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பி, செயற்படுத்தல் என்னும் நடைமுறையைக் கொண்டிருந்தது. பயனாளர் எழுத்தும் இலக்கமுமாக 25 குறிகள் கொண்ட சாவியைப் பதிதல் வேண்டும். கணினியின் வன்பொருட் கூறுகள் சிலவற்றிலிருந்து அடையாள எண்ணொன்று கணிக்கப்படும். முப்பது நாட்களுக்குள் இணையத்தாலோ தொலைபேசியாலோ நிறுவனத்திடம் உறுதிபெறாவிடின் முறைமையைப் பயன்படுத்த இயலாது. பெருநிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட தொகுதிச் சாவிகளுக்கோ இந்நடைமுறையிலிருந்து விலக்கு இருந்தது. அத்தகைய சாவியொன்று எக்ஸ்பி கடைக்கு வருமுன்பே வெளியிற் கசிந்து உலகெங்கும் பரவியது. 2002 செப்ரெம்பரில் வெளிவந்த முதலாவது சேவைப் பொதி, அவ்வாறு கசிந்த சாவிகளைக் கொண்ட கணினிகளில் நிறுவப்பட மறுத்தது. திருத்தங்களைக் கொணரும் பொதியே உரிமம் வினாவும் காவலாகவும் அமைந்தமை இங்கு நோக்கற்பாலது.

இவ்விணைப்பு 2005இல் முறையான திட்டமாயிற்று. முந்திய ஆண்டிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட ‘விண்டோஸ் ஜெனுவின் அட்வான்ரேஜ்’ என்னும் சரிபார்ப்பு, 2005 யூலை இறுதியில், இற்றைப்படுத்தற் தளத்தை நாடுவோர்க்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. தானியங்கி இற்றைப்படுத்தலின் வாயிலாக அவை உரிமமற்றோரையும் சென்றடைந்தன. காப்பு வேறு, உரிமம் வேறு என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டமைக்கு இவ்விலக்குச் சான்றாகும். போலிப் பிரதியை அறியாது வாங்கியவர், பற்றுச்சீட்டையும் தட்டையும் அனுப்பி முறையிட்டால் மெய்ப்பிரதி பெறவும் வழி செய்யப்பட்டது. கடைக்காரரால் ஏமாற்றப்பட்டவருக்கு இது உண்மையான உதவியே என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

2006இல் இவ்வேறுபாடு மங்கியது. அவ்வாண்டு ஏப்ரில் முதல், உரிமமற்ற பிரதியென எச்சரிக்கும் நிரலொன்று, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் அதே தானியங்கி வழியால், உயர் முன்னுரிமை பெற்ற இற்றைப்படுத்தலாக அனுப்பப்பட்டது. அது நாள்தோறும் நிறுவனத்தின் சேவையகத்தோடு தொடர்பு கொண்டமை யூன் மாதத்தில் வெளிப்பட்டது. அதுபற்றிப் பயனாளருக்குத் தெளிவாக முன்னறிவிக்கப்படவில்லை. பொய்க்காரணம் காட்டி உளவுநிரலை நிறுவியதாகக் குற்றஞ்சாட்டி அமெரிக்காவின் சியாற்றில் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. ஆயினும் நாளாந்தத் தொடர்பை நீக்கிய புதிய வடிவத்தை யூன் மாத இறுதியிலேயே வெளியிட்டது. வழக்கு 2010இல் வாதிகளுக்கு வெற்றியின்றி முடிவுற்றது. நீதிமன்றத் தீர்வு எவ்வாறாயினும், நம்பிக்கைக்கு நேர்ந்த இழப்பு ஈடுசெய்யப்படவில்லை. இற்றைப்படுத்தல் என்ற பெயரில் வருவன யாவும் தம் நலனுக்கே என எண்ணியிருந்தோர் ஐயுறக் கற்றனர்.

சரிபார்ப்போன் தவறின் யாது நேரும் என்பதை 2007 காட்டியது. அவ்வாண்டு சனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ற்றா, செயற்படுத்தப்படாத கணினியின் பயன்பாட்டைப் பெரிதும் சுருக்கியது; ஒரு மணித்தியால இணைய உலாவலுக்குப் பின் பயனாளர் வெளியேற்றப்படுவார். ஓகஸ்ட் 24ஆம் நாள், சோதனை முடியாத நிரல் மனிதத் தவறினாற் சரிபார்ப்புச் சேவையகங்களில் இடப்பட்டது. அதனால் முறைப்படி விலைகொடுத்து வாங்கியோரின் பிரதிகளும் போலியெனக் குறிக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மணித்தியாலம் நீடித்த இத்தவறினால் 12,000க்குக் குறைவான கணினிகளே பாதிக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. தொகை சிறிதெனினும் உண்மை பெரிது: தன்னிடம் பற்றுச்சீட்டு இருந்தும், தொலைவிலுள்ள இயந்திரமொன்றின் சொல்லுக்கு எதிராக அதனைக் காட்ட வாங்கியவருக்கு உடனடி வழியேதும் இருக்கவில்லை. அவ்வாண்டு திசெம்பரிலேயே, பயன்பாட்டைச் சுருக்கும் முறை அடுத்த சேவைப் பொதியோடு கைவிடப்படுமென நிறுவனம் அறிவித்தது.

இவ்வரலாற்றின் உச்சம் 2008 ஒக்ரோபரிற் காணப்படுகின்றது. அம்மாதம் 20ஆம் நாள் சீனாவில் நடைமுறைக்கு வந்த சரிபார்ப்பு, உரிமமற்ற கணினிகளின் திரைப் பின்னணியை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கருமையாக்கியது. பெருங் கொதிப்பு எழுந்தது. பெய்ஜிங் வழக்கறிஞர் ஒருவர் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சிடம் முறையிட்டார். கருந்திரையைத் தவிர்க்க விரும்பியோர்க்குத் தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்துதல் எளிய வழியாயிருந்தது. மூன்று நாட்களின் பின்னர், 23ஆம் நாள், கடும் ஓட்டையொன்றை அடைக்கும் அவசரத் திருத்தத்தை வழமையான நாளுக்குக் காத்திராது நிறுவனம் வெளியிட்டது. நவம்பரில் அவ்வோட்டையினூடாகவே கொன்பிக்கர் புழு புறப்பட்டு, மில்லியன் கணக்கான கணினிகளைப் பற்றியது. சீனா, பிரேசில், ருசியா ஆகியன பெரிதும் பாதிக்கப்பட்ட நாடுகளுள் அடங்கும்.

கருந்திரையே கொன்பிக்கரைப் பரப்பியது எனக் கூறுதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. 2009இன் தொடக்கத்திற் பிரான்சியக் கடற்படையின் உள் வலையமைப்பும் அப்புழுவினாற் பாதிக்கப்பட்டது. அங்கு உரிமமின்மை காரணமன்று. எனினும், காக்கும் கையும் தண்டிக்கும் கையும் ஒன்றாகத் தோன்றியவிடத்து, பலர் இரண்டையும் ஒருங்கே தட்டிவிட முற்பட்டனர் என்பதைப் புறக்கணிக்க முடியாது. உரிமமற்றோருக்கும் திருத்தம் திறந்தே கிடந்தது. அதனை ஏற்கும் மனமே மூடப்பட்டிருந்தது.

பின்னைய ஆண்டுகளிற் கடுமை தணிந்தது. விண்டோஸ் 7க்கென 2010இல் வந்த சரிபார்ப்பு விரும்பினோர் மட்டும் ஏற்கக்கூடியதாக அமைந்தது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10, செயற்படுத்தப்படாத நிலையிலும் இற்றைப்படுத்தல்களைப் பெற்றது. திரைத் தோற்றத்தை மாற்றுதல் போன்ற வசதிகளே மறுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் நாள் வன்னாகிறை நிரல் பரவிப் பிரித்தானிய வைத்தியசாலைகளையும் முடக்கியபோது, 2014இலேயே ஆதரவு முடிவுற்ற எக்ஸ்பிக்கும் திருத்தமொன்று எவரும் பெறத்தக்கதாக வெளியிடப்பட்டது. பழைய முறைமையாயினும் அதன் நோய் அயலாரையும் தாக்கும் என்ற அறிவே அதற்கு அடிப்படையாகும்.

சுருங்கக்கூறின், ஆக்கியோன் தன் உழைப்பின் பயனைக் கோருதல் நியாயமானது. 1976இல் எழுந்த முறைப்பாடு வெறுமையானதன்று. ஆயின் அக்கோரிக்கையைக் காப்பின் வழியிலேயே அனுப்பியமை, காப்பின்மீதிருந்த நம்பிக்கையைச் செலவிட்டு உரிமத்தை நிலைநாட்ட முயன்றதாக முடிந்தது. உரிமம் இருவருக்கிடைப்பட்ட ஒப்பந்தம். காப்போ வலையமைப்பிலுள்ளோர் அனைவருக்கும் உரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆளும் நிறுவனமே தன் இற்றைப்படுத்தலை மக்கள் தயங்காது ஏற்கும் நிலையை எய்தும்.