ஏழைகளின் ஊட்டி ஏன் மலிவானது?

சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று வாழ்க்கை. அங்கே என்றால் பிள்ளைகள் இருக்கும் அமெரிக்கா. திரும்பி வந்ததும் அவர்கள் வியந்து சொல்வது பெரிய கட்டடங்களைப் பற்றி அல்ல. "சார், காசே இல்லாமல் காட்டுக்குள் நாள் முழுக்க நடக்கலாம், அருவி பார்க்கலாம், மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம்" என்பார்கள். உண்மைதான். டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்கா 1934-இல் ஏற்பட்டது. இன்றுவரை அதற்குள் நுழையக் கட்டணம் கிடையாது. வண்டியை நிறுத்தத்தான் 2023 முதல் பணம் வாங்குகிறார்கள்.

அவர்கள் அடுத்துக் கேட்பது, "நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா?" என்று. மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தாலே சேர்வராயன் மலை தெரிகிற சேலத்துக்காரர் கேட்கும் கேள்வி இது! நாமக்கல்காரருக்கோ கொல்லிமலை. இந்த இரண்டு மலைகளும் குறைந்த செலவில் போய்வரக்கூடிய இடங்களாக எப்படி ஆயின என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

எனக்கு இதில் ஒரு சொந்த ஆர்வமும் உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சேர்வராயன் மலையின் உயரம் தெரிவதற்கு முன்பே ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் சிகரம் 4,807 மீட்டர் என்று மனப்பாடமாகத் தெரியும். பிறகு அரசு வேலைக்கு வந்து, அடியிலும் மைலிலும் எழுதப்பட்ட கோப்புகளோடு காலம் தள்ளினேன். அந்தக் கணக்கில் சொன்னால் ஏற்காடு ஏறத்தாழ 4,900 அடி, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி ஏறத்தாழ 5,300 அடி. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம்.

1792-இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலம், பாராமகால் பகுதிகள் கும்பெனியார் கைக்கு வந்தன. காப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து தீர்வை போட்டது இந்தச் சமவெளியில்தான். பிறகு பரவலாகப் பேசப்பட்ட ரயத்துவாரி முறையின் விதை இங்கே விழுந்தது. வெயிலில் நின்று வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் அண்ணாந்து மலையைப் பார்த்ததில் வியப்பில்லை.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியையும் பழமரங்களையும் கொண்டு வந்தார். இரண்டு கலெக்டர்கள், இரண்டு மலைகள், ஒரே தலைமுறை. ஆனால் ஊட்டி ராணியானது, ஏற்காடு "ஏழைகளின் ஊட்டி" ஆனது. ஏன்?

முதல் காரணம், கவர்னர் வரவில்லை. சென்னை அரசாங்கம் கோடையில் இடம்பெயர்ந்தது ஊட்டிக்கு. கவர்னர் போனால் செயலகம் போகும், செயலகம் போனால் கிளப்பும் குதிரைப் பந்தயமும் போகும், அதன் பின்னால் விலைவாசி போகும். இரண்டாவது காரணம், ரயில் ஏறவில்லை. நீலகிரி மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் ஊட்டியையும் எட்டியது. சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் அது மலையடிவாரத்தோடு நின்று, மேற்கே போய்விட்டது. அதன் பிறகு மட்டக்குதிரை, டோலி, இல்லையென்றால் கால்நடை. மூன்றாவது காரணம், ஏற்காடு கேளிக்கைக்காக எழுந்த ஊர் அல்ல, காப்பித் தோட்டங்களுக்காக எழுந்த ஊர். தோட்டக்காரர்கள் சிக்கனமானவர்கள்.

கோடைக்கானல் கதை வேறு. அங்கே 1845-இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். சமவெளியின் காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், உயிர் பிழைக்க மலை ஏறினார்கள். ஆக, அமெரிக்கர்களின் மலிவான மலை வாசஸ்தலம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உருவாகியிருக்கிறது! 1901-இல் அவர்கள் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது.

ஏற்காட்டில் அந்த இடத்தைப் பிடித்தது பிரெஞ்சு மரபு என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். ஏற்காட்டில் பெண்களுக்கான திரு இருதயப் பள்ளி அவர்களுடையது. 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியை நடத்தும் கபிரியேல் சகோதரர்களின் சபையும் பிரான்சில் பிறந்ததுதான். காப்பிக்கு அடுத்தபடியாக ஏற்காட்டை வாழவைத்தவை இந்தப் பள்ளிகளே.

இனி நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களின் கதை. ஊட்டியில் பங்களா வாங்க வசதியில்லாத ஓய்வூதியர்களுக்கு ஏற்காடு பிடித்துப்போனது. அவர்களில் இருவரை நாம் மறக்கக் கூடாது.

ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கிய பாதிரியார் இவர்தான். பின்பு சென்னைக்கு வந்து 1855-இல் "தினவர்த்தமானி" இதழைத் தொடங்கினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அந்த மனிதர் கடைசிக் காலத்தைக் கழித்து 1882-இல் கண் மூடியது ஏற்காட்டில்.

மற்றவர் அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். அரசாங்கத்தின் நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று உலகுக்குச் சொன்னவர். இந்தியாவின் பழைய கற்காலம் அந்த ஒரு கல்லிலிருந்துதான் எழுதப்படத் தொடங்கியது. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியேறிய அவர் சும்மா இருக்கவில்லை. சேர்வராயன் மலையிலும் கற்கருவிகளைத் தேடிப் பொறுக்கினார். அவர் சேர்த்த தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய அஸ்தி ஏற்காடு தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. காலை நடையில் கீழே பார்த்து நடப்பதால் இப்படியும் ஒரு பயன் உண்டு, நண்பர்களே!

இதுவரை நான் சொன்னது மேலே ஏறியவர்களின் கதை. மேலேயே இருந்தவர்களின் கதை இன்னும் பழையது.

சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மூன்றிலும் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்கிறவர் என்று பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லியிலும் தங்கினார்களாம். சேர்வராயன் உச்சியில் குகைக்குள் இருக்கும் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் வீற்றிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடும்.

காப்பித் தோட்டம் பரவப் பரவ, சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் ஒரு பகுதி வேலிக்குள் போனது. உழுது உண்டவர்களில் பலர் கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனார்கள். சுற்றுலா வந்த துரைசானியின் டோலியைத் தூக்கவும் தோள்கள் வேண்டியிருந்தன. ஏற்காடு மலிவாக இருந்ததற்கு நான்காவது காரணம் இது. நான் முதலில் சொன்ன ஸ்மோக்கி மலையிலும் இதே கதைதான். அங்கே பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறிய பிறகுதான் அது பூங்கா ஆனது. கட்டணம் இல்லாத இடத்திலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார்.

கொல்லிமலைக்கு வருவோம். வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவனைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறைக்காகக் காரி கொன்றான் என்பது சங்க நூல்கள் தரும் செய்தி. இவ்வளவு பழம்பெருமை இருந்தும், ஆங்கிலேயர் அங்கே பங்களா கட்டவில்லை. காரணம், மலேரியா. மலை ஏறினால் காய்ச்சலோடு இறங்குவோம் என்ற பயம். அங்கே மருத்துவப் பணி செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலுக்கே பலியானார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அவருடைய மகன் பால் பிராண்ட்தான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். ஜெஸ்ஸியின் மனைவி எவலின் செய்தது இன்னும் பெரிது. மிஷன் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், அந்த அம்மாள் மறுபடி மலைக்குப் போனார். மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை மலையை விடவில்லை.

1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து, டி.டி.டி. தெளிக்கப்பட்ட பின்தான் சமவெளிக்காரர்களுக்குக் கொல்லிமலை மீதான பயம் தெளிந்தது. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறோம். அறப்பளீஸ்வரரைத் தரிசித்து, முழங்காலில் தெம்பு இருந்தால் ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஆகாய கங்கையில் குளிக்கலாம். தெம்பு இல்லாதவர்கள் செம்மேட்டில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு அன்னாசியும் மிளகும் வாங்கலாம்.

உலாப் போவது உழைக்கிறவனின் உரிமை என்ற எண்ணமே புதியது. பிரான்சில் 1936-இல்தான், லியோன் புளூம் அரசு தொழிலாளர்களுக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் செய்தது. ரயில் கட்டணத்திலும் சலுகை தந்தது. கடலைப் பார்த்தே இராத குடும்பங்கள் அந்தக் கோடையில் முதல்முறையாகக் கடற்கரைக்குப் போயின. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. 1956-இல் வந்தது. அத்தகைய பில்களைச் சரிபார்த்தே எனக்குப் பல வருடங்கள் ஓடின. குமாஸ்தா குடும்பம் ஒன்று கன்னியாகுமரி போய் வந்ததற்கான கசங்கிய டிக்கெட்டுகளைப் பார்க்கும்போது, அரசாங்கப் பணம் நல்ல வழியில் போயிருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஏற்காட்டுக்கு அதுகூட வேண்டியதில்லை. சேலத்திலிருந்து அரசுப் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏரி வந்துவிடும். ஏரியைச் சுற்றி நடக்கலாம், பகோடா பாயின்ட்டில் உட்காரலாம். மழைக்குப் பிறகு போனால் கிளியூர் அருவி. தாவரவியல் ஆய்வுத் துறை 1963-இல் ஏற்படுத்திய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மாலையில் லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுவதும் விளக்காக மின்னும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் செலவு பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும்.

இந்த மலிவு இப்படியே நிலைக்குமா என்பதுதான் என் கவலை. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். வண்டிகள் தாங்க முடியாத அளவுக்குப் பெருகியதே காரணம். அங்கே வாசல் குறுகினால் கூட்டம் ஏற்காட்டையும் கொல்லிமலையையும் தேடும். கூட்டம் வந்தால் விடுதி வரும், விடுதி வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஒருமுறை காப்பிக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள், மறுமுறை சொகுசு விடுதிக்காக விட்டுக்கொடுக்க நேரலாம். அதோடு, பஸ்ஸில் போய் இலவசமாகக் காற்று வாங்கிய நமக்கும் அங்கே இடம் இருக்காது.

பெரிய திட்டம் எதுவும் நம் கையில் இல்லை. ஆனால் காரில் தனித்தனியாகப் போவதை விட்டுப் பேருந்தில் போகலாம். பிளாஸ்டிக்கை மேலே கொண்டு போகாமல் இருக்கலாம். மிளகையும் பலாவையும் சாமையையும் வழியோரம் கூடையோடு உட்கார்ந்திருக்கும் மலையாளி அம்மாவிடம், பேரம் பேசாமல் வாங்கலாம். நாம் பேரம் பேசி மிச்சப்படுத்தும் பத்து ரூபாய்க்காக அவர் விடியற்காலையிலேயே கூடையைத் தலையில் வைத்து நடந்து வந்திருப்பார்.

அடுத்த முறை அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள் வரும்போது, மால்களுக்குக் கூட்டிப் போகும் முன் ஒரு நாள் மலைக்குக் கூட்டிப் போங்கள். பெர்சிவலையும் ஃபூட்டையும் பற்றிச் சொல்லுங்கள். குதிரை மேல் போன எவலின் பாட்டியைப் பற்றியும், அவர்களுக்கெல்லாம் முன்பே காஞ்சியிலிருந்து நடந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளைப் பற்றியும் சொல்லுங்கள். கதை கேட்கக் கட்டணம் கிடையாது.