காட்டின் விளிம்பில் பிறக்கும் மரம்: இங்கிலாந்தின் ஓக்கும் அதன் விதையை ஊன்றும் பறவையும்

தமிழகத்து மலைத்தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக், ஓக் மரமே அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிவில்லியா அது. குவெர்கஸ் பேரினத்தைச் சேர்ந்த உண்மையான ஓக்குகள் இமயமலைச் சரிவுகளில் காடு காடாக நிற்கின்றன. தென்னிந்திய மலைகளில் அவை இயற்கையாக வளர்வதில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் மரம், 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட குவெர்கஸ் ரோபர். இங்கிலாந்தின் தாழ்நிலங்களில் எங்கும் காணப்படும் ஓக் இதுதான். இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். கொட்டையோ நீண்ட காம்பில் தொங்கும். நாட்டின் மேற்கு மலைப்பகுதிகளில் மிகுந்திருக்கும் குவெர்கஸ் பெட்ரேயாவில் இது தலைகீழாக இருக்கும். மக்கள் நினைவில் இம்மரம் அடர்காட்டின் அரசன். சூழலியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். டான்ஸ்லி 1939-இல் வெளியிட்ட பெருநூலில், மனிதர் தலையிடாமல் விட்டால் தாழ்நில இங்கிலாந்தின் பெரும்பகுதி இறுதியில் ஓக் காடாகவே நிலைபெறும் என்ற கருத்து ஆழமாக வேரூன்றியிருந்தது. ஆனால் ஓக் காட்டுக்குள் சென்று இளமரங்களைத் தேடினால் கிடைப்பவை மிகச் சில. ‘பிரிட்டனின் ஓக் காடுகளில் இயற்கை மறுவளர்ச்சி ஏன் தோற்கிறது’ என்ற கேள்வியை வாட் 1919-இலேயே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார். கேள்வியிலேயே ஒரு பிழை இருப்பதாக நான் கருதுகிறேன். ஓக் தோற்கவில்லை, தான் பிறக்கும் இடம் அல்லாத இடத்தில் தேடப்படுகிறது. காட்டின் உள்ளே அல்ல, அதற்கு வெளியே முட்புதர் படரும் திறந்த நிலத்தில்தான் இம்மரம் பிறக்கிறது. அதன் விதை, விதையைச் சுமக்கும் பறவை, கன்றின் ஒளித்தேவை ஆகிய மூன்றும் இதற்குச் சான்று.

விதையிலிருந்து தொடங்குவோம். ஓக் கொட்டை பலாக்கொட்டையைப் போன்றது. காய்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கிக் காத்திருக்கும் வழி அதற்கில்லை. இலையுதிர் காலத்தில் விழுந்த சில வாரங்களிலேயே வேர் விடுகிறது; வசந்தத்தில்தான் தண்டு எழுகிறது. அதற்குள் ஆணிவேர் ஆழத்தைத் தேடிப் போயிருக்கும். இவ்வளவு பருத்த விதையைக் கண்டவுடன் எழும் இயல்பான மறுப்பு ஒன்று உண்டு. பெரிய விதை என்பது இருட்டில் வளரவேண்டிய கன்றுக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் சோறு அல்லவா? வெப்பமண்டலக் காடுகளில் பல மரங்களுக்கு இது பொருந்தும். ஓக்குக்குப் பொருந்துகிறதா என்பதுதான் வினா. 1979-இல் வெளியான பாசெமாவின் நெதர்லாந்து ஆய்வு இதற்கு எதிர்பாராத விடை தருகிறது. கோடையின் தொடக்கத்தில் ஜே என்னும் பறவை புதிதாக எழுந்த ஓக் கன்றைத் தண்டைப் பிடித்து மேலே இழுத்து, மண்ணுக்குள் இன்னும் பருத்திருக்கும் விதையிலைகளைப் பிய்த்துத் தின்றுவிடுகிறது, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. கன்று பெரும்பாலும் சாவதில்லை. ஆழ்ந்த ஆணிவேர் அதைப் பிடித்து நிறுத்துகிறது; விதையிலைகளை இழந்த பிறகும் வளர்கிறது. அப்படியானால் அந்தச் சேமிப்பின் ஒரு பகுதி கன்றின் தேவைக்கு மிஞ்சியது. அது நடுபவருக்குத் தரும் கூலி என்று கொள்வதே பொருத்தமான விளக்கம்.

அந்த நடுபவரைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஜே காக்கைக் குடும்பத்துப் பறவை. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடல், சிறகின் மடிப்பில் நீலமும் கருப்பும் வரிவரியாக அமைந்த சிறு இறகுகள். இலையுதிர் காலத்தில் அது நன்கு முற்றிய, புழு துளைக்காத கொட்டைகளைத் தேர்ந்தெடுக்கிறது. சிலவற்றைத் தொண்டையில் அடக்கி, கடைசியாக ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு பறக்கிறது. சில நூறு மீட்டர் போவது வழக்கம், சில கிலோமீட்டரும் போவதுண்டு. இறங்கிய இடத்தில் ஒவ்வொரு கொட்டையாகக் கக்கி, தனித்தனியே மண்ணில் செருகி, அலகால் தட்டி இறுக்கி, மேலே இலையோ பாசியோ இழுத்து மூடுகிறது. ஒரே பறவை ஒரு பருவத்தில் இப்படிச் சில ஆயிரம் கொட்டைகளைப் புதைக்கும். காக்கை எச்சத்தில் ஆலும் வேம்பும் முளைப்பதை நாம் அறிவோம். அங்கே பறவை பழத்தைத் தின்கிறது, விதை விழுந்த இடத்தில் விழுகிறது. இங்கே பறவை இடம் பார்த்து, ஆழம் பார்த்து ஊன்றுகிறது. அது தேர்ந்தெடுக்கும் இடம்தான் என் வாதத்துக்கு முதன்மையானது. அடர்ந்த காட்டின் தரையை அது பெரிதும் விரும்புவதில்லை. காடும் வெளியும் சந்திக்கும் ஓரங்களை, குட்டைப் புல்வெளியை, இளகிய மண்ணை நாடுகிறது. மீண்டும் கண்டுபிடிக்க அடையாளமாக நிமிர்ந்து நிற்கும் செடி ஒன்றின் அருகே புதைப்பதையும் பாசெமா கண்டார். கிளெமென்ட் ரீட் 1899-இலேயே இத்திசையைக் கைகாட்டியிருந்தார். பனியுகத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து வட ஸ்காட்லாந்து வரை ஓக் தானாகப் பரவியிருந்தால் பத்து லட்சம் ஆண்டு போல ஆகியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். கிடைத்ததோ சுமார் பத்தாயிரம் ஆண்டுதான். காக்கை இனப் பறவைகள் சுமக்காமல் இது நடந்திருக்க முடியாது.

பறவை வெளியில் ஊன்றினாலும் அங்கே முயலும் மானும் மேய்கின்றனவே, கன்று எப்படிப் பிழைக்கும்? இதற்கு விடை முட்செடிகள். ஓக்குக்குத் தாய் முள்தான் என்ற பொருளில் இங்கிலாந்தின் பழைய காடு வளர்ப்போரிடம் ஒரு வழக்கு உண்டு. அதைச் சோதித்துப் பார்த்த நிலமும் உண்டு. கேம்பிரிட்ஜ்ஷயரில் மங்க்ஸ் வுட் என்ற பழங்காட்டை ஒட்டியிருந்த பார்லி வயல் ஒன்று 1961-இல் சாகுபடியிலிருந்து விடுபட்டது. அருகே ஒரு புல்வெளி 1996-இல் அப்படியே விடப்பட்டது. நடவில்லை, வேலி போடவில்லை. முதலில் ஹாதார்ன், பிளாக்தார்ன் என்னும் முட்புதர்கள் படர்ந்தன. அந்த முள்ளுக்கிடையே ஜே ஊன்றிய ஓக்குகள் எழுந்தன. 2021-இல் வெளியான ஆய்வின்படி, பழைய வயலில் ஹெக்டேருக்குச் சுமார் 390 மரங்கள். அவற்றில் பாதிக்குச் சற்று மேல் குவெர்கஸ் ரோபர். இன்னும் பழைய சான்று ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ரோத்தம்ஸ்டெட்டில் இருக்கிறது. 1882-இல் அறுவடை செய்யாமல் விட்ட கோதுமை வயலின் ஒரு துண்டு, பிராட்பால்க் வில்டர்னெஸ் என்ற பெயரில் இன்று மரங்கள் நிற்கும் காடு.

இப்போது வலுவான எதிர்ப்புக்கு வருகிறேன். அதை முன்வைத்தவர், இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம். காட்டுக்குள் ஓக் முளைத்து வளராமல் போனது மரத்தின் இயல்பு அல்ல, அண்மைக்காலத்தில் நேர்ந்த மாற்றம் என்பது அவர் முடிவு. 1907 வாக்கில் ஐரோப்பாவில் தென்பட்டு, அடுத்த ஆண்டே பிரிட்டனில் பரவிய சாம்பல் நோய் இதற்கு முக்கியக் காரணமாக இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். வெண்டை, பூசணி இலைகளில் நம் உழவர் காணும் அதே வெண்பொடி போன்ற பூஞ்சைதான், சிற்றினம் வேறு. ஓக் கோடை நடுவில் இரண்டாம் முறை துளிர்க்கும்போது அந்த மென்தளிரை இது பற்றுகிறது. நிழலில் ஏற்கெனவே அரை வயிற்றோடு வாழும் கன்றுக்கு, இருக்கும் சில இலைகளும் வெளுத்துப்போனால் மிச்சம் இல்லை. இந்த வாதத்தின் பாதியை நான் ஏற்கிறேன்: சாம்பல் நோய் ஓக்கின் நிழல் தாங்கும் திறனைக் குறைத்திருக்கிறது. மற்றப் பாதியை ஏற்பதற்கில்லை. நோய் வருமுன் இங்கிலாந்தின் காடுகள் மூடிய காடுகளாக இருக்கவில்லை. ஏழு முதல் இருபது ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கட்டையோடு வெட்டி, மறுதாம்பு துளிர்க்க விட்ட ஹேசல் புதர்க்காடுகள் அவை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் தரையில் வெயில் கொட்டியது. அங்கே எழுந்த ஓக்குகள் காட்டுக்குள் எழுந்தவைதான், நிழலில் எழுந்தவை அல்ல. விறகுக்கும் கரிக்கும் தேவை சரிந்து அந்த வெட்டும் முறை நலிந்த காலமும் நோய் வந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டதால், இரண்டின் விளைவும் ஒரே காரணத்தின் மேல் ஏற்றப்பட்டுவிட்டது. தவிர, பூஞ்சைக்கு முன்பே இருந்துவரும் இன்னொரு இடரும் உண்டு. மே மாதத்தில் தாய்மரத்தின் இலைகளைத் தின்று தீர்த்த பச்சைப்புழுக்கள் நூலிழையில் கீழே இறங்குகின்றன; நேர் கீழே நிற்கும் கன்றுதான் அவற்றின் அடுத்த தீனி. தாய்மரத்தடியே பிள்ளைக்கு ஆகாத இடம்.

மான்களின் பெருக்கமே எல்லாவற்றுக்கும் காரணம் என்பாரும் உளர். மேய்ச்சல் கன்றுகளைக் கொல்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மங்க்ஸ் வுட்டின் பழங்காடும் அதை ஒட்டிய தரிசும் ஒரே வட்டாரத்து முயலுக்கும் மானுக்கும் திறந்தே இருந்தன. அந்தத் தரிசில் ஓக் வென்றது.

மகரந்தச் சான்று வேறு வகை. ஏரிப் படிவுகளிலும் கரிச்சதுப்புகளிலும் ஓக் மகரந்தம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இடைவிடாமல் கிடைக்கிறது. அப்படியானால் காட்டுக்குள் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் வேரா 2000-இல் இதற்குத் துணிச்சலான மறுமொழி சொன்னார். பழைய ஐரோப்பா மூடிய காடே அல்ல, காட்டெருதும் காட்டுக்குதிரையும் மேய்ந்து திறந்து வைத்த சோலைவெளி என்றார். 2005-இல் ஃபிரேசர் மிட்செல் அதை அயர்லாந்தைக் கொண்டு மறுத்தார். பனியுகத்துக்குப் பின் அங்கே காட்டெருதும் இல்லை, காட்டுக்குதிரையும் இல்லை; ஆயினும் ஓக் மகரந்தம் குறையவில்லை. மிட்செலின் மறுப்பு வேராவைத் தாக்குகிறது; என் வாதத்தைத் தொடவில்லை என்பேன். ஓக் பிறக்க நாடு முழுவதும் புல்வெளியாக இருக்கத் தேவையில்லை. புயல் சாய்த்த இடைவெளி, ஆறு அரித்த கரை, மெலிந்த மண்ணில் மரம் அடராத மேடு, இவை போதும். முந்நூறு ஆண்டு வாழும் மரம் தன் ஆயுளில் காய்க்கும் எண்ணற்ற கொட்டைகளில் ஒன்றே ஒன்று மரமானாலும் அதன் இனம் குறைவதில்லை. நூறாண்டில் ஒருமுறை கிடைக்கும் வெளிச்சத்தை வைத்தே அது மகரந்தப் பதிவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். மகரந்தம் இருப்பைச் சொல்லும், பிறப்பிடத்தைச் சொல்லாது. இதே எச்சரிக்கையை எனக்குச் சாதகமான சான்றுக்கும் நான் பொருத்த வேண்டும். இங்கிலாந்தின் மிகப் பழைய ஓக்குகள் பல, இடைக்கால மான் பூங்காக்களில் தாழ்ந்து விரிந்த கிளைகளோடு நிற்கின்றன. லிங்கன்ஷயரின் பவ்தோர்ப் ஓக்கும் வயல்வெளி மரமே. வெளியில் ஓக் நெடுநாள் வாழும் என்பதற்கு இவை சான்று. வெளியில் பிறந்ததற்குத் தாமாகவே சான்றாகிவிடா. அதற்கு மங்க்ஸ் வுட்டின் தரிசு போன்ற இடங்களையே நம்ப வேண்டும்.

ஓக் பிறப்பது காட்டுக்குள்ளா, வெளியிலா என்ற வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. பிரிட்டனில் ஓக்குகளைச் சார்ந்து வாழும் உயிரினங்கள் சுமார் 2,300 என்றும், அவற்றில் 326 ஓக் இன்றி வாழவே முடியாதவை என்றும் 2019-இல் கணக்கிடப்பட்டது. இவ்வளவையும் தாங்கும் மரத்தைக் காக்க இன்று செய்வது பெரும்பாலும் இரண்டு: இருக்கும் ஓக் காட்டுக்கு வேலி போடுவது, வெட்டவெளியில் நாற்றங்கால் கன்றைப் பிளாஸ்டிக் குழாயில் நிறுத்துவது. முதலாவது முதிய மரங்களைக் காக்கும், வாரிசைத் தராது. இரண்டாவது வாரிசைத் தரும். ஆனால் ஜேயும் முள்ளும் நம்மிடம் கூலி கேட்காமல் செய்யும் வேலைக்குச் செலவு செய்கிறது. பழங்காட்டை ஒட்டிய வயலை உழாமல் விட்டு, முட்புதரைக் களை என்று அழிக்காமல், ஜேயைச் சுடாமல் இருந்தால் ஓக் தானே வந்து சேரும். இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாய்மரம் பறவையின் பறப்புத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். சுற்றிலும் மரமே இல்லாத பெருவயல் நாட்டில் இது பலிக்காது, அங்கே மனிதர்தான் நட வேண்டும். அங்கும் வயலின் நடுவில் கன்றுகளை வரிசையாக நிறுத்துவதைவிட, வேலிப்புதரின் ஓரத்தில், முள்ளின் அணைப்பில் இரண்டு கொட்டைகளை ஊன்றுவது மரத்தின் வழக்கத்துக்கு நெருக்கமானது.